கச்சானை ஜெயித்தவள்

சங்குமுனையில் கச்சான் காற்று கைமாறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் தின்று ஊரே சாய்ந்து கிடந்த நேரத்தில், சூசை மரியானின் ஐஸ் கம்பெனி மாடியில்தான். கீழே பாளம் பாளமாக ஐஸ் உறைந்துகொண்டிருக்க, மேலே தரை எந்தக் கோடையிலும் சில்லென்றிருக்கும். ஆடுகிறவர்கள் காலடியில் சாக்கை விரித்துக்கொண்டு, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார்கள்.

அங்கே ஆடியது ரம்மி அல்ல. கப்பலில் வேலை பார்த்த சங்குமுனை ஆட்கள் கரைக்குக் கொண்டுவந்த ஆட்டம் அது. அவர்கள் போக்கர் என்றார்கள், ஊர் கப்பல் சீட்டு என்றது. ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள், நடுவில் ஐந்து சீட்டு கட்டம் கட்டமாகத் திறக்கும், இரண்டையும் சேர்த்து யாருக்கு ஐந்து சீட்டு உசத்தியாக அமைகிறதோ அவருக்கு நடுவில் குவிந்ததெல்லாம் சொந்தம். ஒவ்வொரு கட்டத்திலும் சோழிகளை நடுவில் தள்ளுவார்கள். எவ்வளவு தள்ளலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. எதிராளி வைத்ததற்குச் சமமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். சோழி தீர்ந்துபோனால், தன்னுடையது என்று சொல்லத்தக்க எதையும் வைக்கலாம், எதிராளி சம்மதித்தால் போதும். அந்த விதியின்படி கைக்கடிகாரங்களும், ஒரு சண்டைச் சேவலும், ஒருவரின் புது மோட்டார் சைக்கிளும் கைமாறியிருந்தன, அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசியதில்லை.

ஆடுகிறவர்களில் ஒரே பெண் ஞானப்பூ. கல்யாணத்துக்கும் கோயில் கொடியேற்றத்துக்கும் மைக் செட்டும் சீரியல் லைட்டும் வாடகைக்கு விடுகிறவள், பனை மரம்போல நெடுநெடுவென்று வளர்ந்தவள், சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். அவள் புருஷன் ரெமிஜியுஸ் கப்பலில் சமையல்காரனாக இருந்தான், லீவில் வரும்போதெல்லாம் அடுப்படியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே, அவளோடு கப்பல் சீட்டு ஆடினான், பெரும்பாலும் தோற்றான், தோற்றபோதெல்லாம் அவள் பேரை நீட்டி முழக்கி, “ஞா…னப்பூ!” என்று தலையில் அடித்துக்கொண்டான். தொலைதேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு ஐஸ் கம்பெனி மாடியில் அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் படியேறிப் போய் அதில் உட்கார்ந்தாள். ஆண்கள் சூசை மரியானைப் பார்த்தார்கள். சூசை மரியான் சீட்டுக்கட்டைப் பார்த்தார், பிறகு அவளுக்கும் சேர்த்துப் போட்டார்.

எதிர் நாற்காலி அருமைநாயகத்துடையது. ஊருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளையாய்க் கிடக்கும் உப்பளம் முழுவதும் அவருக்குச் சொந்தம். வைகாசி பிறந்தால் மேற்கிலிருந்து பனங்காட்டைத் தாண்டி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும் கச்சான் காற்று முதலில் அவர் அளத்தில்தான் இறங்கும். பாத்தி நீரை உறிஞ்சி உப்பாக்கிவிட்டு, மிச்ச மீதியைத்தான் ஊருக்குள் விடும். அதனால் அவர் தாத்தா காலத்திலிருந்தே அந்த வீட்டில் கச்சானை “நம்ம காத்து” என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அருமைநாயகத்துக்குக் கையில் இரண்டு ஆஸ் வந்தது. ஞானப்பூவுக்கு இஸ்பேடு எட்டும் இஸ்பேடு ஒன்பதும் வந்தன. நடுவில் முதலில் மூன்று சீட்டு திறந்தது: ஆட்டீன் ஆஸ், இஸ்பேடு பத்து, இஸ்பேடு ஜாக்கி. நான்காவது சீட்டு டைமன் ஆஸ். நான்கு ஆஸும் சேர்ந்துவிட்ட மனுஷன் எப்படி மூச்சு விடுவானோ அப்படி மூச்சு விட்டார் அருமைநாயகம், ஆனால் தூண்டிலில் மீன் கொத்தும்வரை காத்திருக்கிறவர்போல ஒரு கைப்பிடிச் சோழியை மட்டும் தள்ளினார். ஞானப்பூவும் ஒரு கைப்பிடி தள்ளினாள். சூசை மரியான் கடைசிச் சீட்டைத் திருப்பினார். இஸ்பேடு ராணி.

எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி, எல்லாம் இஸ்பேடு, எல்லாம் வரிசை. நான்கு ஆஸை அடிக்கக்கூடியது அந்த மாதிரி ஒரே இனத்து வரிசை மட்டும்தான், அது பலருக்கு ஆயுள் முழுக்க ஆடினாலும் வராது. ஞானப்பூ முகத்தில் ஈ உட்கார்ந்ததுபோலக்கூட அசைவில்லை.

அருமைநாயகம் தன் சோழி முழுவதையும் நடுவில் தள்ளினார். ஞானப்பூ அதற்குச் சமமாக எண்ணித் தள்ளிவிட்டு, மேலும் ஒரு குவியலைத் தள்ளினாள்.

“எங்கிட்ட சோழி தீந்து போச்சுல்லா,” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

“வேற எதையாச்சும் வையுங்க, அண்ணாச்சி.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கச்சான் மரக்கிளைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. நான்கு ஆஸ் கையிலிருக்கிற தெம்பில், வேடிக்கையாக, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “என் கச்சானை வைக்கேன். சம்மதமா?”

“சம்மதம்,” என்றாள் ஞானப்பூ.

சீட்டைக் காட்டினார்கள். சூசை மரியான் எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இஸ்பேடு வரிசையை மறுபடியும் மறுபடியும் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். அருமைநாயகம் தன் இரண்டு ஆஸையும் நடுவிலிருந்த இரண்டோடு சேர்த்து வைத்து எண்ணிப் பார்த்தார். ஞானப்பூ சோழிகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு படியிறங்கினாள், காற்று அவளுக்குப் பின்னால் படியிறங்கியது.

மறுநாள் விடிந்தபோது கச்சான் ஞானப்பூவின் தெருவில் மட்டும் வீசியது. அளத்தின்மேல் வீசவில்லை, பெரிய கடைவீதியில் வீசவில்லை. பனங்காட்டைத் தாண்டி வந்து, அளத்தின் ஓரமாக ஒதுங்கி, அடுத்தவர் வயலில் கால் படாமல் வரப்பில் நடக்கிறவர்போல வளைந்து வளைந்து வந்து, அவள் தெருவுக்குள் நுழைந்து, மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர்களுக்குள் புகுந்து புறப்பட்டது. ஸ்பீக்கர்கள் நாளெல்லாம் தாழ்ந்த குரலில் ஊளையிட்டன. அடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு நாள் முகம் சுளித்தார்கள், பிறகு அந்தச் சத்தமில்லாமல் குழந்தைகள் தூங்க மாட்டேன் என்றன.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. தோற்ற பொருள் ஜெயித்தவரிடம் போவதில் என்ன அதிசயம் என்றார்கள். மற்ற தெருக்காரர்கள் துவைத்த துணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்து அவள் தெருவில் காயப்போட்டார்கள். வடகமும் வற்றலும் அங்கேதான் காய்ந்தன. பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மத்தியானத்தில் படுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாய் விரித்து வைக்கப்பட்டது. ஞாயிறு மறைக்கல்வியைப் பங்குச் சாமியார் அவள் வீட்டு வேப்பமரத்தடிக்கு மாற்றினார். காற்று அசையும் சொத்தா அசையாச் சொத்தா என்று பார்த்து எழுதுவதற்காகத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், ஞானப்பூ கொடுத்த மோரைக் குடித்தார், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் அப்படியே அசந்து தூங்கிவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு, ஒன்றும் எழுதாமல், கும்பிட்டுவிட்டுப் போனார். பாய்மர வள்ளக்காரர்கள் அதிகாலையில் வாசலில் வந்து நின்று, “மதினி, இன்னைக்குத் தெக்கே போறோம், கொஞ்சம் காத்து,” என்று கேட்பார்கள். அவள் மாடியேறிப் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். காற்று போய்விட்டு, வேலை முடிந்ததும் வீடு திரும்பும்.

அளத்தில் மட்டும் உப்பு இறங்கவில்லை. வெயில் கொளுத்தியும் காற்றில்லாமல் பாத்தி நீர் வடித்த கஞ்சி மாதிரி அசையாமல் கிடந்தது. அருமைநாயகம் அளத்துப் பெண்களையெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர்களில் மூத்தவள் முத்துப்பேச்சி ஒரு நாள் ஞானப்பூவின் வாசலுக்கு வந்து, தெரு முழுக்கக் கொடியில் படபடக்கும் துணிகளைப் பார்த்தபடி நின்றாள்.

“உன் தெருவுல துணி காயுது, யக்கா. எங்க வீட்டுல வயிறு காயுது.”

ஞானப்பூ அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாப்பிடச் சொல்லியும் முத்துப்பேச்சி சாப்பிடவில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன அவள் பாதங்களை ஞானப்பூ அன்றைக்குத்தான் அருகிலிருந்து பார்த்தாள். ஜெயித்த நாளிலிருந்து அவளுக்குள் துள்ளிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கிப்போனது. தனக்கு வந்தது யாரிடமிருந்து பறிபோனது என்பதை அதுவரை அவள் யோசித்ததே இல்லை.

அன்று சாயங்காலமே அருமைநாயகம் வீட்டுக்குப் போனாள்.

“அண்ணாச்சி, காத்தை அளத்துக்கு அனுப்புதேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம். அளத்துப் பொம்பளைகளுக்கு நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணி, காலுக்கு பூட்ஸ். இவ்வளவும் செய்யுங்க.”

அவர் ஊஞ்சலை நிறுத்தினார். “என் காத்தை எனக்கே வாடகைக்கு விடுதியா நீ?”

“இப்ப அது உங்க காத்து இல்லியே.”

“அப்ப உக்காரு. மறுபடியும் ஆடுவோம். நான் ஜெயிச்சா கச்சான் திரும்பி வரணும்.”

“ஆடுவோம். ஆனா கச்சானுக்குச் சமமா வைக்கிறதுக்கு உங்ககிட்ட இருக்கது ஒண்ணுதான். அளம்.”

அவர் யோசித்தார். அப்படியொரு வரிசை ஒரே ஆளுக்கு இரண்டாந்தரம் வராது என்று கணக்குப் போட்டார். சரி என்றார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் சாய்ந்து படுக்கவில்லை. ஐஸ் கம்பெனிப் படிக்கட்டிலும் வாசலிலும் சாலையிலும் ஊர் நின்றது, அளத்துப் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள், முத்துப்பேச்சியை மட்டும் சூசை மரியான் மாடிக்கு வர விட்டார். முதலில் சோழிக்குத்தான் ஆடினார்கள். ஞானப்பூ சின்னச் சின்ன ஆட்டங்களை ஜெயித்தாள், ஒரு ஜோடி ஒன்பதை வைத்துக்கொண்டு அவருடைய ஜோடி எட்டை ஜெயித்தாள், பெரிய ஆட்டங்களில் தோற்றாள். சோழிக் குவியல் மெல்ல மெல்ல மேசையின் அந்தப் பக்கம் சாய்ந்தது. கடைசியில் அவளிடம் ஒரு பிடிகூட மிஞ்சாத நேரத்தில் அந்தச் சீட்டு வந்தது.

அவள் கைக்கு வந்தவை கிளாவர் ஏழும் டைமன் இரண்டும். கப்பல் சீட்டில் அதைவிட மட்டமான கை கிடையாது. ரெமிஜியுஸ் அதை ‘ஊசிப்போன கை’ என்பான், வந்தால் பார்க்காமலே கவிழ்ப்பான். அவள் கவிழ்க்கவில்லை. நடுவில் ஒவ்வொன்றாகத் திறந்தன: ஆட்டீன் ராஜா, கிளாவர் ராஜா, இஸ்பேடு ஆறு, பிறகு டைமன் பத்து, கடைசியாக ஆட்டீன் நாலு. அவளுக்கு ஒன்றுமே அமையவில்லை.

அருமைநாயகம் தன் சீட்டுகளின் முனையைத் தூக்கி மறுபடி பார்த்தார். அவர் கையில் மூன்றாவது ராஜா இருந்தது. “அளம் முழுசும் வைக்கேன்,” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அளம் மட்டுந்தான். வீடு இதுல சேராது, சொல்லிட்டேன்,” என்றார்.

வீட்டை யாரும் கேட்கவே இல்லை. கேட்காததற்கு அவர் பதில் சொன்னதை ஞானப்பூ கவனித்தாள். வரம்பில்லாத ஆட்டத்தில் இந்த மனுஷன் தனக்குள் ஒரு வரப்பு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கச்சானை இழந்த அன்றைக்குக் கட்டிய வரப்பு அது, அதற்கு அந்தப் பக்கம் அவரால் கால் வைக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. அந்த வரப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சீட்டே தேவையில்லை.

“கச்சானை வைக்கேன்,” என்றாள்.

வெளியே காற்று நின்றது. கோயில் கொடி சுருண்டு கொடிமரத்தோடு ஒட்டிக்கொண்டது. வள்ளங்களின் பாய்கள் தொங்கிப்போயின. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“அதுக்கு மேல என் பேரையும் வைக்கேன்.”

“பேரா?” என்றார் சூசை மரியான்.

“ஞானஸ்நானத்துல வச்ச பேரு. ஞானப்பூ. அது எனக்குச் சொந்தந்தானே?”

சூசை மரியான் அருமைநாயகத்தைப் பார்த்தார். மூன்று ராஜா இருக்கிற தெம்பில் அவரும் சம்மதம் என்று தலையசைத்தார்.

“அப்ப அண்ணாச்சி சமமா வைக்கணும். இல்லன்னா கவுக்கணும்.”

சொல்லி முடித்ததுமே பேர் போய்விட்டது. மாடியில் நின்ற முத்துப்பேச்சி பயத்தில் கூப்பிட வாயெடுத்தாள், “யக்கா” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் வீட்டு வாசலில் சவுண்ட் சர்வீஸ் போர்டில் முதல் சொல் இருந்த இடம் வெறும் நீலமாக இருந்ததைப் பலர் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் தனக்குள் தேடிப் பார்த்தாள். அடுப்படி இருந்தது, வெங்காயத் தோல் இருந்தது, ரெமிஜியுஸ் தலையில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்தான், அவன் உதடு நீண்டு அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அவள் அதுவரை பயப்படவில்லை. இப்போது பயந்தாள், காலடிச் சாக்கைக் கால் விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டாள். மேசைக்கு மேலே முகத்தை மட்டும் அப்படியே வைத்திருந்தாள்.

அருமைநாயகம் தன் பேரை நினைத்துப் பார்த்தார். கோயில் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் ‘உபயம் அருமைநாயகம்’ என்று எழுதியிருந்தது. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் எழுதியிருந்தது. டியூப் லைட்டுகளில் வெளிச்சம் வர இடமில்லாதபடி எழுதியிருந்தது. உப்பு மூட்டை ஒவ்வொன்றிலும் இருந்தது. எல்லா இடத்திலும் உபயம் மட்டும் மிஞ்சி, யாருடைய உபயம் என்று தெரியாமல் போகும். தெருவில் போனால் யார் என்று கேட்பார்கள். அவருக்கே சொல்லத் தெரியாது. காற்று போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். பேர் போகாது என்று நினைக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை.

“உன் கையில ரெண்டு பத்து இருக்கா?” என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. ஜோடிப் பத்தோ, ஜோடி ஆறோ, ஜோடி நாலோ அவள் கையில் இருந்தால், நடுவில் கிடப்பதோடு சேர்ந்து அது மூன்றும் ஒரு ஜோடி ராஜாவுமாக அமைந்து, அவருடைய மூன்று ராஜாவும் போச்சு.

அவள் தன் இரண்டு சீட்டையும் விளிம்பு ஒட்ட அடுக்கி வைத்தாள்.

“வீட்டை வைக்கேன். வீட்டையும் சேத்து வைக்கேன்.”

“வேண்டாம். பேருக்குப் பேரு.”

கீழே எங்கோ ஒரு ஐஸ் பாளம் விரிசல் விட்டுச் சத்தமிட்டது. அருமைநாயகம் மூன்றாவது ராஜாவைக் கடைசித் தடவையாகப் பார்த்தார். நெற்றியைத் துண்டால் துடைத்தார். பிறகு இரண்டு சீட்டையும் குப்புறக் கவிழ்த்து முன்னால் தள்ளினார்.

ஜன்னல் கதவுகள் நான்கும் ஒரே சமயத்தில் அடித்துத் திறந்துகொண்டன. கச்சான் உள்ளே பாய்ந்து சோழிகளைச் சிதறடித்து, துண்டுகளைப் பறித்து, சூசை மரியானின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. “ஞானப்பூ யக்கா!” என்று முத்துப்பேச்சி வீறிட்டாள். படிக்கட்டு அதைப் பிடித்துக்கொண்டது, வாசல் பிடித்துக்கொண்டது, சாலை பிடித்துக்கொண்டது, ஊர் முழுக்க அந்தப் பேரைக் கத்தியது. ஞானப்பூவுக்கு அத்தனை குரல்களுக்கு அடியில் ஒரு குரல் தனியாக, நீட்டி முழக்கி, உள்ளேயிருந்து கேட்டது. அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள், அந்தச் சிரிப்பு தெருமுனையைத் தாண்டிக் கடல் வரை கேட்டது என்று வள்ளக்காரர்கள் சொன்னார்கள். தன் ஏழையும் இரண்டையும் யாரும் பார்க்குமுன் கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டாள்.

மறுநாள் அளத்துப் பெண்கள் வேலைக்குப் போவதுபோலப் போகவில்லை, குலவை போட்டுக்கொண்டு, கூந்தலில் பூவைத்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் போனார்கள். ஞானப்பூ நாலு குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிப் பாட்டுப் போட்டாள். “அளம் உங்களுக்கு. நீங்களே பாத்துக்கோங்க, ஏட்டி, எனக்கு உப்பு அள்ளத் தெரியாது,” என்று முத்துப்பேச்சியிடம் சொல்லிவிட்டு, கச்சானைப் பகல் முழுக்க அங்கே இறங்கச் சொன்னாள், மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் கொஞ்ச நேரம் தன் தெருவுக்கு வந்து போகச் சொன்னாள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால். காற்று பாத்தி பாத்தியாக நடந்தது. சீக்கிரமே நீரின்மேல் வெள்ளை ஆடை கட்டியது, ஆடை கனத்து உப்பாயிற்று, உப்பு அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து தூரத்துக் கப்பல்களிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது. முதல் விற்பனையில் நிழலுக்குக் கொட்டகை எழுந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, பெண்கள் ஆளாளுக்குப் பிடித்த நிறத்தில் பூட்ஸ் வாங்கினார்கள். முத்துப்பேச்சி சிவப்பு வாங்கினாள்.

அருமைநாயகம் வீட்டோடு இருந்தார். மழைக்காலம் முடிந்து மறுபடி பாத்தி கட்டத் தொடங்கியபோது, ஒரு காலை நேரம், குடையை ஊன்றிக்கொண்டு அளத்துக்கு வந்தார். கொட்டகையில் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த ஞானப்பூ எழுந்து அவருக்கு நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. மெலிந்திருந்தார், ராத்திரியில் தூங்காதவர் கண் அவருக்கு இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன்,” என்றார். “அன்னைக்கு உன் கையில என்ன இருந்துச்சு?”

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது தெரியாது. மூன்று ராஜாவும் தனக்கு இருந்ததை அவர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார், ஜோடிப் பத்து என்று பாதி ஊரும் ஜோடி ஆறு என்று மீதி ஊரும் அதுவரை அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

“பாக்கணும்னா சமமா வச்சிருக்கணும், அண்ணாச்சி,” என்றாள் ஞானப்பூ.

அவர் அவளையே பார்த்தார். முகம் முதலில் கோணியது, பிறகு எங்கேயோ பிடித்துக்கொண்டிருந்த ஒன்று விட்டுப்போனதுபோல, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார், குடையைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் விழுந்து சிரித்தார், பெண்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டார்கள். முத்துப்பேச்சி தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து முடித்தார்.

“நல்ல தண்ணிதான்,” என்றார்.